அடுப்படியில் நீலத் தொட்டி

அந்த நீலத் தொட்டியை அடுப்படிக்குள் கொண்டுவந்து வைக்கும்போது காவல்காரன் தன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பானைக்கும் விறகுக்கும் நடுவே இடம் பார்த்து இறக்கினான். நனைத்த சாக்கை மேலே போர்த்தினான். பிறகு தொட்டியிடம் சொல்வதுபோல, "இங்கதான் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கு" என்றான்.

"என்ன இது?"

"குஞ்சு."

"ஆமைக்குஞ்சுன்னு தெரியுது. கடலுக்குப் போகாம என் அடுப்படிக்கு ஏன் வந்துச்சுன்னு கேக்கறேன்."

"சாயங்காலம் வரைக்கும்தான்."

"யாரு சொன்னா?"

வாசற்படியில் உட்கார்ந்து மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்த அவனுடைய அக்காதான் பதில் சொன்னாள்.

"நான்தான் சொன்னேன். உங்க அண்ணன் போன் பண்ணாரு. குஞ்சு விடறதைப் பார்க்க ஆபீஸர் சாயங்காலம்தான் வர்றாராம். விடியக்காலைல எழுந்து ஓடி வர்றதுக்கு அவரு என்ன பால்காரரா?"

'உங்க அண்ணன்' என்று நாத்தனார் சொன்னது தன் கணவனை. அவர் அந்த ஆபீஸருடைய காரை ஓட்டுகிறவர். ஆபீஸரைக் கரைக்குக் கூட்டிவரும் ஏற்பாடு அவருடையது. அவர் செய்ததை நாலு பேருக்குச் சொல்லும் வேலை நாத்தனாருடையது. அதற்காகவே முந்தைய நாள் பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்திலிருந்து மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து வீட்டில் எந்தப் பாத்திரமும் இருந்த இடத்தில் இல்லை.

"அண்ணி, பொரிச்ச குஞ்சைப் பிடிச்சு வைக்கக் கூடாது" என்றாள் அவள்.

"அதை எங்கிட்ட சொல்லு. சம்பளம் போடறவன்கிட்ட சொல்லாதே."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பிடித்து வைக்கக் கூடாது என்பது அவனுடைய சட்டம்தான். கரைக்கு வரும் எல்லோரிடமும் அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆமைக் குஞ்சுக்குப் பிறந்த அன்றைக்கு மட்டும் ஒரு வேகம் இருக்கும். யாரோ பின்னால் துரத்துவதுபோல அடித்துக்கொண்டு ஓடும். அந்த வேகத்தை வைத்துத்தான் அலையைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கரையிலேயே அதைச் செலவழித்துவிட்டால் மறுபடி சம்பாதிக்க முடியாது. அதனால், கரையில் கிடக்கும் முட்டைகளை அவன் எடுத்துவந்து புதைத்து வைக்கும் வேலிக்குள் மணல் குழிந்து, கவிழ்த்த கூடைக்கு அடியில் குஞ்சுகள் கறுப்பாகக் கொப்பளித்து வந்ததும், அவன் பல்கூடத் துலக்காமல் அவற்றை அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடுவான். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு அவசரமாக வந்ததில்லை என்று அவள் ஒருமுறை கேலி செய்திருக்கிறாள்.

இன்று வேலியில் பொரித்தது இந்த ஒரு குழிதான். அது தொட்டியில் இருந்தது.

சாக்குக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. நிறைய பேர் சேர்ந்து ஒரு கதவை நகத்தால் சுரண்டுவதுபோல. கதவைத் தட்டத் தெரியாதவர்கள், கத்தத் தெரியாதவர்கள்.

*

அந்தக் கரையில் முன்பு வரிசையாக வீடுகள் இருந்தன. ஆமைகள் முட்டையிட வரும் கரை, இனி இது பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டார்கள். முதலில் விளக்கு கூடாது என்றார்கள். கடலைப் பார்த்த பக்கம் வெளிச்சம் தெரிந்தால் ஆமை வராது, வந்தாலும் குஞ்சு வழி தவறி வீட்டுப் பக்கம் வரும். அது நிஜம்தான். அவளே ஒருமுறை மாட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து குஞ்சுகளைப் பொறுக்கியிருக்கிறாள். பிறகு வலை காயப்போடக் கூடாது என்றார்கள். பிறகு நாய் கூடாது. கடைசியில் மனிதர்களும் கூடாது என்று ஆனது. உப்பளத்துக்குப் பின்னால் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல ஒரு குடியிருப்பு கட்டி, ஒவ்வொரு வீடாகக் காலி செய்து அங்கே அனுப்பினார்கள்.

விளக்கை அணைக்கச் சொல்லி வீடு வீடாகப் போனவன் காவல்காரன். சொல்லிக் கேட்காத இடத்தில் நீளமான கம்பால் பல்பைத் தட்டி உடைத்தவனும் அவன்தான். "இருட்டு வருதுடா, அணை அணை" என்று கூவுவார்கள். நாளாவட்டத்தில் அதுவே பெயராகிவிட்டது. இருட்டு. அவளை 'இருட்டு பொண்டாட்டி' என்றார்கள். முதல் நாள் சிரித்தாள். அப்புறம் சிரிக்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை.

அடுத்தவன் வீட்டு விளக்கை உடைத்தவன் தன் வீட்டை விட்டுவைக்கவில்லை. கடலைப் பார்த்திருந்த அடுப்படி ஜன்னலில் தகரம் வைத்து ஆணி அடித்தான். அதிலிருந்து அவள் புகையில்தான் சமைத்தாள். தகரத்தில் ஓர் ஆணித் துளை இருந்தது. அதன் வழியாக ஒரு காசு அளவுக்குக் கடல் தெரியும். குழம்பு கொதிக்கும் நேரத்தில் அதில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். அவ்வளவு சிறிய கடலில் அலை வந்து போவது, தூங்குகிற யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும்.

எல்லா வீடும் போய், காவல்காரன் வீடு என்பதால் இந்த ஒன்று மட்டும் தங்கியது. இப்போது இதற்கும் கேள்வி வந்துவிட்டது. காவல்காரன் குடியிருப்பிலிருந்தே வேலைக்கு வந்து போகலாமே, கரையில் அவனுக்கு எதற்கு வீடு? இன்று வருகிற ஆபீஸர் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு இருக்கும்.

அவளுக்கு வீட்டைவிடக் கிணறு பெரிது. வீட்டுக்குப் பின்னால் அவளும் அவனும் தோண்டியது. கடற்கரையில் கிணறா என்று எல்லோரும் சிரித்தார்கள். தோண்டின முதல் இடத்தில் உப்பு. இரண்டாவது இடத்தில் கைப்பு. மூன்றாவதில் அவன் உள்ளே இறங்கி மண்ணை அள்ளிக் கொடுக்க, அவள் மேலே இழுத்துக் கொட்டினாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. ஊறிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தவன், உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே தண்ணீரின் ருசி தெரிந்துவிட்டது. அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று யாரும் எதுவும் தந்ததில்லை. பூமி தந்தது.

*

வெயில் ஏறும்போது வலைக்காரி தண்ணீருக்கு வந்தாள். முன்பு அடுத்த வீடு. இப்போது குடியிருப்பிலிருந்து சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு வருவாள். அங்கே லாரியில்தான் தண்ணீர். அது வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல இருக்கும் என்பாள். அவளுடைய புருஷனின் பல்பை உடைத்த நாளிலிருந்து காவல்காரனோடு பேச்சில்லை. தண்ணீரோடு மட்டும் பேச்சு உண்டு.

"என்ன, வீடு மணக்குது? பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றாள், வாளியை இறக்கிக்கொண்டே.

"ஆபீஸர் வர்றாரு" என்றாள் அவள்.

"அடேயப்பா. அப்ப வீடு உங்களுக்குத்தான்னு சொல்லு."

"தெரியலக்கா."

"ஏன் தெரியாது? எங்களையெல்லாம் துரத்தினவருக்கு அதுகூடச் செய்ய மாட்டாங்களா?"

நாத்தனார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு தாயி துரத்தினது? ஆமைக்காகப் போனீங்க. புண்ணியம்."

"புண்ணியத்தை வச்சு ஒரு குடம் தண்ணி தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் அங்கேயே பிடிச்சுக்கறேன்." வலைக்காரி குடத்தை நிரப்பினாள். சட்டென்று தலையைச் சாய்த்தாள். "என்ன சத்தம் அது?"

"எலி" என்றாள் நாத்தனார்.

வலைக்காரி கடலில் வாழ்ந்தவள். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். பிறகு காவல்காரன் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எலிதான்" என்றாள் வலைக்காரி. "பாவம், வெளியே போக வழி தெரியல போல." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கினாள். காவல்காரன் வேலி ஓரத்தில் காய்ந்த செத்தையை அரித்துக்கொண்டிருந்தான். ஆபீஸர் கண்ணுக்குக் கரை சுத்தமாகத் தெரிய வேண்டுமே. அவள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். சுரண்டல் நிற்கவே இல்லை. மசாலாக் கையோடு போய்ச் சாக்கை விலக்கினாள்.

எல்லாம் ஒரே பக்கமாக ஏறிக் குவிந்திருந்தன. தகரம் அடித்த ஜன்னல் பக்கம். தகரத்தின் ஆணித் துளை சின்ன வெளிச்சப் பொட்டாகத் தெரிந்தது. அதை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வழுக்கி, கவிழ்ந்து, மறுபடியும் ஏறின. அவள் விரலால் துளையை மூடினாள். அப்போதும் ஏறின.

கையைக் கழுவிவிட்டுத் தொட்டியைத் தூக்கினாள். கனம் இல்லை. வாசல் வரை கொண்டுபோனாள். வெளியே மணல் வெள்ளையாகக் கொதித்தது. வேலிக் கம்பங்களில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நனைந்த சாக்கோடு தண்ணீர் ஓரம் வரை ஓடிப்போய் விட்டுவிட்டால், ஒன்றிரண்டு போனாலும் மிச்சம் பிழைக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆபீஸர் வந்து காலித் தொட்டியைப் பார்ப்பார். நாத்தனார் ஊர் பூராவும் சொல்வாள். அவள் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். கிணற்று உறையின் மேல் வலைக்காரி வைத்துப்போன வாளி வெயிலில் மின்னியது.

அவள் தொட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். சாக்கை நனைத்துப் பிழிந்து மறுபடி போர்த்தினாள். வெயில், காகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டும் உண்மைதான்.

*

சாயங்காலம் என்றவர்கள் சாயங்காலம் வரவில்லை. வழியில் யாரோ டீக்குக் கூப்பிட்டார்களாம். சூரியன் உப்பளத்துக்குப் பின்னால் இறங்கி, கடல் ஈயப் பாத்திரம்போல மங்கியது. காவல்காரன் வாசலுக்கும் பாதைக்கும் நடந்துகொண்டேயிருந்தான். துவைத்த சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அடுப்படி அமைதியாக இருந்தது.

"ஏங்க. சத்தம் நின்னுடுச்சு."

அவன் உள்ளே வந்து குந்தி, சாக்கை விலக்கி ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். துடுப்பு ஒருமுறை அசைந்து நின்றது. அவன் அதை மெதுவாக இறக்கி வைத்தான்.

"தூங்குது" என்றான்.

"நீங்களா சொல்றீங்க?"

"வாயை மூடு. கார் சத்தம் கேக்குது."

ஆபீஸர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். அவள் எதிர்பார்த்து வைத்திருந்த அதட்டல் எதுவும் அவரிடம் இல்லை. கூடவே அவருடைய மனைவியும் வந்திருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைபோல மணலில் நடந்தார். நாத்தனார் கணவர் பின்னால் மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, எல்லாம் ரெடியா?" என்று காவல்காரன் காதில் கேட்டார்.

"ரெடி மச்சான். கொஞ்சம் சோர்ந்திருக்கு."

"யாரு?"

"குஞ்சு."

"அட, நான் உன்னைக் கேட்டேன்யா. சிரிச்ச முகமா நில்லு."

ஆபீஸர் மனைவியின் கால் முழுக்க மணல். அவள் கிணற்றிலிருந்து இறைத்து அவர் காலில் ஊற்றினாள். அவர் கூச்சத்தோடு, "அய்யோ, நீங்க எதுக்கு, நானே ஊத்திக்கறேன்" என்றார். பிறகு ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தார். கண் விரிந்தது. "என்னங்க, இங்க வாங்க. இதைக் குடிச்சுப் பாருங்க. கடலுக்குப் பக்கத்துல இப்படி ஒரு தண்ணியா!"

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. "நாங்களே தோண்டினதும்மா" என்றாள். கேட்காததையும் சொன்னாள். மூன்றாவது இடத்தில் கிடைத்ததை, கயிறு அறுத்த கையை. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். வீடு தப்பிவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

பிறகு தொட்டியைக் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

காவல்காரன் ஈரமணலில் தொட்டியைச் சாய்த்தான். குஞ்சுகள் சரிந்து விழுந்தன. விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒன்று இரண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டன.

"ஏன் போகல?" என்றார் ஆபீஸர்.

"போகும் சார். கொஞ்சம்… காத்து எந்தப் பக்கம்னு பார்க்கும் சார்."

அவன் தண்ணீரை அள்ளித் தெளித்தான். ஒன்றை விரலால் தள்ளினான். இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியில் இருந்த அம்மா, "பாவம், உடம்பு சரியில்லையா?" என்றார். நாத்தனார் கணவர் தொண்டையைச் செருமினார். ஆபீஸர் கடிகாரத்தைப் பார்த்தார்.

காவல்காரன் மச்சானிடம் போய் எதையோ கேட்டான். அவர் காருக்கு ஓடிப் போய் எடுத்துவந்து கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு, சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கரையைப் பார்த்துத் திரும்பினான். டார்ச்சை அடித்தான்.

அந்தக் கரையில் அவ்வளவு வெள்ளை வெளிச்சம் விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளுக்குக் கண் கூசியது. ஊரிலிருந்த பல்பையெல்லாம் உடைத்த கை அதைப் பிடித்திருந்தது. ஆடாமல் பிடித்திருந்தது.

குஞ்சுகள் அசைந்தன. மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு, நின்று நின்று, அந்த வெளிச்சத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போயின. முதல் அலை வந்து அவற்றை எடுத்துக்கொண்டது. அந்த அம்மா எழுந்து நின்று கை தட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆபீஸரும் தட்டினார். நாத்தனார் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

திரும்பி வந்து மீனைச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டபடியே ஆபீஸர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அருமையான வேலை செய்யறீங்க" என்றார் காவல்காரனிடம். "இப்படி ஒரு காட்சியை நாங்க மட்டும் பார்த்தா எப்படி? நாலு பேர் வந்து பார்க்கணும். பார்த்தாத்தானே அக்கறை வரும்? இந்த இடத்தையே எடுத்துக் கட்டினா வர்றவங்க தங்கலாம். இங்கயிருந்து பார்த்தா கடல் அப்படியே தெரியும், அந்தத் தகரத்தை மட்டும் எடுத்துட்டா."

"தண்ணியும் இருக்கு" என்றார் அந்த அம்மா, மனசார. "வர்றவங்க கால் கழுவிக்கலாம்."

"நீங்க குடியிருப்புக்குப் போயிடுங்க. அங்கயிருந்து வந்து தினமும் இதே மாதிரி காட்டினாப் போதும். இதே மாதிரி. புரியுதா?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஈரச் சட்டையிலிருந்து அவன் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரிங்க சார்" என்றான்.

நாத்தனார் அவள் தோளை அழுத்தினாள். "வேலை நிரந்தரமாயிடுச்சுல்ல. வீடு என்ன வீடு, எங்க இருந்தா என்ன?" என்று கிசுகிசுத்தாள். அவளும் அதை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் கெட்ட எண்ணத்தோடு யாரும் எதுவும் சொல்லவில்லை.

விடிந்ததும் அவள்தான் முதலில் கரைக்குப் போனாள். நுரை வந்து நின்ற கோட்டில், கடல்பாசியோடு பாசியாக அவை கிடந்தன. காகங்களுக்கு முந்திக்கொள்ள அவள் குனிந்து குனிந்து பொறுக்கினாள். அதே நீலத் தொட்டியில்தான் போட்டாள். காவல்காரன் மண்வெட்டியோடு வந்து வேலிக்குப் பின்னால் குழி தோண்டினான். முட்டை வைக்கத் தோண்டுகிற அதே மாதிரி, வாய் குறுகி அடி அகன்ற குழி. கைப்பழக்கம்.

"நீ நேத்து மத்தியானம் விட்டிருக்கலாம்ல" என்றான், நிமிராமல்.

அவள் தொட்டியைக் கவிழ்த்தாள்.

"விட்டிருக்கலாம்" என்றாள். "நீங்க காலைலயே விட்டிருக்கலாம்."



*

குடியிருப்பில் அவர்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. லாரி வரும்போது அவள் குடத்தோடு போய் நிற்பாள். முதல் நாள் யாரும் இடம் விடவில்லை. வலைக்காரி தன் குடத்தைக் காலால் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவள் அந்த இடத்தில் நின்றாள். இருவரும் துருத் தண்ணீர் குடத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சில மாதங்களில் கரையில் வீட்டை இடித்து, பெரிதாகக் கட்டி முடித்துவிட்டார்கள். அடுப்படி இருந்த பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதைத் திறந்த அன்று பொழுது சாய்ந்ததும் அங்கே விளக்கு எரிந்தது. ஒன்று எரிந்தது, பிறகு வரிசையாக எல்லாம் எரிந்தன. உப்பளத்தைத் தாண்டிக் குடியிருப்பு வரைக்கும் தெரிந்தது. உப்புப் பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் அது இன்னொரு முறை எரிந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவளுடைய ஜன்னல் எரிவதை அவளும் நின்று பார்த்தாள்.

வலைக்காரியின் புருஷன்தான் முதலில் குரல் கொடுத்தான். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் காவல்காரனோடு பேசிய முதல் பேச்சு.

"இருட்டு! பார்த்தியா வெளிச்சத்தை? கம்பை எடுத்துட்டுப் போய் அணைச்சுட்டு வாயேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. எல்லோரும் காவல்காரனையே பார்த்தார்கள். அவன் கட்டிலிலிருந்து எழுந்தான். ஒரு கணம் அவன் நிஜமாகவே கம்பைத் தேடுகிறான் என்று அவள் நினைத்தாள். கம்பு கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது.

அவன் மாடத்திலிருந்த டார்ச்சை எடுத்தான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளங்கையில் ஒருமுறை வெளிச்சம் அடித்து அணைத்தான்.

"விருந்தாளிங்க வந்துட்டாங்க போல" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.